மேஸ்திரிக்காகப் போட்ட முழுக்கு

ஏரி முதுகுக்குப் பின்னால் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் புண்ணியம் என்று பெரியவர் சொன்னார். கழுத்தைத் திருப்பினால் காற்று காதுக்குள் மண்ணை அள்ளிப் போட்டது. அதனால் அந்தப் புண்ணியத்தை அவருக்கே விட்டுவிட்டேன். எதிரே மொட்டைச் சமவெளி. மரம் கிடையாது, புதர் கிடையாது. முன்னால் நூற்றைம்பது ஆடுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு சின்ன உப்பு மூட்டைகள். அவற்றை ஓட்டிக்கொண்டு ஒரு மலைநாட்டு வியாபாரி. அவன் பின்னால் மட்டக்குதிரையில் பெரியவர். கடைசியில், வயிற்றில் ஒரு செப்புக் குடத்தைக் கட்டிக்கொண்டு நான்.

"எத்தனை மாசம்டா?" என்று பெரியவர் குதிரை மேலிருந்து கேட்டார்.

"ரெண்டு நாள்தான் சாமி. பிரசவம் ரங்கூன்ல."

"தலைச்சனா?"

"தலைச்சனும் கடைசியும் இதுதான்."

குடத்தில் இரண்டு படி மானசரோவர்த் தண்ணீர் இருந்தது. மூடி போட்டு, தேன்மெழுகு உருக்கி ஊற்றி, மேலே துணி கட்டியிருந்தேன். ராத்திரியில் விட்டுவைத்தால் தண்ணீர் உறைந்து குடம் வெடித்துவிடும் என்று வியாபாரி சொன்னதால் அதை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. ஏரியில் மொண்டது முதல் கோயிலில் இறக்கும் வரை அந்தக் குடம் தரையில் படக் கூடாது. பட்டால் வெறும் தண்ணீர்.

முதல் நாள் உப்பு மூட்டைகளை அடுக்கி அதன்மேல் குடத்தை வைக்கப் போனேன். பெரியவர் தடுத்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பத்திரப் பதிவு ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். கடவுள் முதல் கம்பளிப் பூச்சி வரை எல்லாவற்றையும் பத்திரமாகத்தான் பார்ப்பார்.

"மூட்டை தரையில இருக்கோல்லியோ? அது மேல வெச்சா தரைக்கு உள்குத்தகை விட்டாப்பல. செல்லாது."

"அப்ப நான் படுத்தா? நானும் தரையிலதானே கிடக்கேன்?"

"நீ ஜீவன். ஜீவன் தரையாகாது."

"ராத்திரி விறைச்சுச் செத்துட்டா?"

கொஞ்சம் யோசித்தார். "அப்ப குடத்தை நான் வாங்கிக்கறேன்" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், ஒரு நாற்காலிக்கு. கை வைத்த மர நாற்காலி. ரங்கூனில் ஓடைக்கரை அரிசி மில் ஒன்றின் வாசலில் அது கிடந்தது. அதில் உட்கார்ந்து உள்ளே போகிற ஆளையும் வெளியே வருகிற மூட்டையையும் எண்ணுகிறவனுக்கு கேட்காரன் என்று பெயர். மூன்றாம் பாரத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். பினாங்கில் ரப்பர்ப் பால் வெட்டினேன், ரங்கூன் துறையில் நிலக்கரி சுமந்தேன், மில்லில் மூட்டை தூக்கினேன். பத்து வருஷத்தில் உட்கார்ந்தபடி செய்கிற வேலை ஒன்றுகூட என் பக்கம் வரவில்லை. குடம் பழுதில்லாமல் வந்தால், முழுக்கு முறைப்படி நடந்தால், அந்த நாற்காலி எனக்கு. மில்லுக்கு ஆள் பிடித்துத் தரும் மேஸ்திரி அப்படி எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

மேஸ்திரிக்கு மானசரோவர் மேல் பக்தி ஒன்றும் கிடையாது. அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. ரங்கூனில் தாமுவேப் பக்கம் நம் ஜனங்கள் ஒரு கோயில் கட்டி முடித்திருந்தார்கள். குடமுழுக்குக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை யாருக்கு என்று பேச்சு வந்தது. மில் மேஸ்திரி ஒரு பக்கம், துறைமுகத்துக் கூலிகளுக்கு மேஸ்திரியாக இருந்தவர் ஒரு பக்கம். இருவரும் தளவரிசைக்குச் சமமாகப் பணம் கொடுத்திருந்தார்கள். கடைசியில் கோயில் கமிட்டி ஒரு தீர்ப்புச் சொன்னது: யார் பெயரில் உயர்ந்த தீர்த்தம் வருகிறதோ அவருக்குப் பரிவட்டம். உடனே துறைமுகத்து மேஸ்திரி கல்கத்தாக் கப்பலில் காசித் தீர்த்தம் வரவழைத்துவிட்டார். அதற்கு அவர் ஒரு காலடிகூட எடுத்துவைக்க வேண்டியிருக்கவில்லை.

மில் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார்.

"காசிக்கு மேல என்னடா இருக்கு?"

"கங்கை புறப்படற இடம் இருக்கு."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல கைலாசம். அங்க ஒரு ஏரி இருக்குன்னு படிச்சிருக்கேன்."

"அதுக்கும் மேல?"

"ஒண்ணுமில்லை மேஸ்திரி. ஆகாசம்தான்."

"அப்ப அந்த ஏரி போதும்" என்றார். சந்தையில் பூசணிக்காய் தேர்ந்தெடுப்பது போல.

தண்ணீர் மட்டும் போதாது, அவர் பெயரில் முழுக்கும் போட வேண்டும் என்று கோயில் குருக்கள் சேர்த்துச் சொன்னார். வர முடியாதவருக்காக இன்னொருவர் தர்ப்பைப் புல்லில் ஒரு பொம்மை முடிந்து, அவர் பெயரும் கோத்திரமும் நட்சத்திரமும் சொல்லி, அந்தப் பொம்மையோடு முழுகலாம். பலன் வராதவரைப் போய்ச் சேரும். குளிர் முழுகினவனோடு நின்றுவிடும். இந்த ஏற்பாடு மேஸ்திரிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் தொழிலே அதுதான்.

என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நான் எழுத்துக்கூட்டாமல் படிப்பேன் என்பது. ஸ்டேஷன் பலகை படிக்கத் தெரிந்தவன் வழி தவற மாட்டான் என்று அவர் நினைத்தார். மாதம் ஒரு முறை ஊரிலிருந்து அவருடைய அண்ணன் எழுதும் கடிதத்தை நான்தான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக் காட்டுவேன். உறையின் மேல் ரங்கூனில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இருக்கும். பெரிய பெயர், பின்னால் ஒரு பட்டமும் உண்டு. உள்ளே முதல் வரியில் வேறொரு பெயர் இருக்கும். மாடு மேய்க்கிற வீட்டில் நாலாவதாகப் பிறந்த பையனை வாய்க்கு வந்தபடி கூப்பிடுவார்களே, அந்த மாதிரிப் பெயர். "மேல இருக்கறத விட்டுட்டுப் படி" என்பார் மேஸ்திரி. விட்டுவிட்டுப் படிப்பேன். அது ரகசியம் என்று அவர் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லாததால் எனக்குத் தெரியாது என்று பிற்பாடு என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

போன வழியை நான் வர்ணிக்கப் போவதில்லை. அல்மோராவிலிருந்து நடை. கீழே அட்டை, மேலே பனி, நடுவில் பேதி. கணவாய் ஏறும்போது பத்து அடிக்கு ஒரு தரம் நின்று, மூச்சைத் தேடி எடுத்து, மறுபடி பத்து அடி. வறுத்த பார்லி மாவும் உப்புப் போட்ட வெண்ணெய்த் தேத்தண்ணீரும் சாப்பாடு. ரங்கூனில் ஙாப்பி என்கிற மீன் விழுதின் நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய நான், அங்கே பழைய வெண்ணெய் மணக்கிற கோப்பையை நக்கினேன். பெரியவரை வழியில் பார்த்துச் சேர்ந்துகொண்டேன். அவருக்குத் தமிழ் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது, எனக்கு மந்திரம் தெரிந்த ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஏரிக்கரையில் ஒரு விடியற்காலை தர்ப்பைப் பொம்மையைக் கையில் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: "உங்க மேஸ்திரி பேர் என்ன?"

குருக்கள் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துப் படித்தேன். பெரிய பெயர், பட்டம், கோத்திரம் எல்லாம்.

"அப்பா அம்மா வெச்ச பேரா இது?"

நான் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தேன். கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. பொய் சொல்ல உடம்பில் சூடு வேண்டும். "இல்லை சாமி, அது வேற" என்று சொல்லி, கடிதத்தில் பார்த்த பெயரையும் சொன்னேன்.

"பாத்தியா" என்றார், முப்பது வருஷத்து ஆபீஸ் முகத்தோடு. "வாங்கறவன் பேர் தப்பா இருந்தா பத்திரம் செல்லாது. சித்திரகுப்தன் கிட்ட என்ன பேர் இருக்கு? பொறந்தப்போ எழுதின பேர்தான். நீ இந்தப் பேர்ல முழுகினா அவன் ஏட்டைப் புரட்டிட்டு, இப்படி ஒரு ஆசாமியே இல்லைன்னு தள்ளிடுவான்."

"அப்ப பழைய பேர் மட்டும் சொல்லட்டுமா?"

"அதுவும் கூடாது. இப்ப அனுபவத்துல இருக்கற பேர் விட்டுப்போகும். ரெண்டையும் போடணும். இன்னார் என்கிற இன்னார். எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும்."

அப்படியே சொல்லி மூன்று முழுக்குப் போட்டேன். மாடு மேய்த்த பெயர் என்கிற பெரிய பெயர். மூன்றாவது முழுக்கில் பொம்மை கையைவிட்டுப் போயிற்று. அலை அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. கரையேறியதும் பெரியவர் என் மேல் கம்பளியைப் போட்டுவிட்டு, மறுபடி சொல்லச் சொன்னார். பல் அடித்துக்கொண்டதில் பாதிதான் வந்தது.

"கோயில்ல கேப்பா. சாட்சிக் கூண்டுல நிக்கறாப்பல திக்காம சொல்லணும். தெனம் நூறு தரம் சொல்லிப் பாரு."

சொன்னேன். கணவாய் இறங்கும்போது சொன்னேன். பெரியவர் தஞ்சாவூர் ரயிலைப் பிடிக்கப் போன பிறகும் சொன்னேன். நான் படித்த மூன்று பாரத்தில் ஒரு செய்யுள்கூட எனக்கு இப்படி மனப்பாடம் ஆனதில்லை.

வலது காலில் சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது. அல்மோராவில் ஒரு கம்பவுண்டர் அதை நறுக்கி எடுத்தார். எனக்கு வலிக்கவில்லை; வலித்திருந்தால் நல்லது என்றார். ரயிலில் குடத்தை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு அதன் கீழே கையை வைத்தபடி உட்கார்ந்து வந்தேன். கப்பலில் மேல்தட்டில் கூரைத் துணி கட்டும் கயிற்றில் தொங்கவிட்டேன். மூன்று நாளும் கடல் அதை ஆட்டியது. அதைப் பார்த்துப் பார்த்தே பக்கத்தில் இருந்தவர்கள் வாந்தி எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் குடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ரங்கூன் துறையில் மேஸ்திரி இரண்டு நாயனம், ஒரு தவில், ஐம்பது மில் கூலிகளோடு நின்றிருந்தார். ஐம்பது பேருக்கும் அன்று பாதி நாள் லீவு. அவர்கள் முகத்தில் அந்த பக்தி தெரிந்தது. நான் பலகையில் நொண்டிக்கொண்டு இறங்கினேன்.

"என்னடா கால்?"

"விரல் ஒண்ணு போச்சு மேஸ்திரி."

"விரல் போனா போவுது. குடம் எங்கயும் படலையே?"

"படலை."

"நாற்காலிக்குப் புதுசா பிரம்பு பின்னச் சொல்லியிருக்கேன்" என்றார். எனக்குத் துறையிலேயே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது.

தாமுவே வரை ஊர்வலம். வழியில் பர்மாக்காரப் பெண்கள் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பிறகு சுருட்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். கோயில் வாசலில் கமிட்டியார் வரிசையாக நின்றார்கள். துறைமுகத்து மேஸ்திரியும் வந்திருந்தார். அவருடைய காசிக் குடம் ஒரு மூலையில் முக்காலி மேல், தாலியில்லாத பெண் போல் உட்கார்ந்திருந்தது. பரிவட்டத் துணி ஒரு தாம்பாளத்தில் மடித்து வைத்திருந்தது. அதை இரண்டு மேஸ்திரிகளும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குருக்கள் கர்ப்பூரம் ஏற்றினார். குடத்தை வாங்குமுன் கேட்டார்: "வழியில தரையில பட்டதா?"

"இல்லை சாமி."

"முழுக்கு நடந்ததா?"

"மூணு முழுக்கு."

அதோடு விட்டிருப்பார். துறைமுகத்து மேஸ்திரிதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "யார் பேர்லன்னு அதையும் தம்பி வாயால சொல்லிட்டா நாமளும் கேட்டுச் சந்தோஷப்படுவோம்."

சங்கற்பம் எப்படிச் சொன்னாய் என்று குருக்களும் என்னைப் பார்த்தார். இந்தக் கேள்விக்காகத்தான் நான் இமயமலையிலிருந்து தயாராகி வந்திருந்தேன். யாருக்கும் தோன்றாத ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்து வந்திருக்கிறேன் என்கிற கர்வம் வேறு. குடத்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, சாட்சிக் கூண்டில் நிற்பவன் போல், திக்காமல், நாயனக்காரர் ஊதலை நிறுத்தியிருந்த அந்த அமைதியில் முழுவதும் சொன்னேன். ஊர், அப்பன் பெயர், மாடு மேய்த்த பெயர், என்கிற, பெரிய பெயர், பட்டம்.

 பின்வரிசையில், மில்லில் தவிடு புடைக்கிற ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"அடி, அவனாடி இவன். எங்க சித்தி ஊரு. மூக்க ஒழுக்கிக்கிட்டு எருமை பின்னாடி திரிவானே."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அங்கே நின்ற நூற்றைம்பது பேரில், ஊரில் வைத்த பெயரோடு கப்பல் ஏறியவர்கள் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். குருக்களை எனக்கு நாகப்பட்டினத்துச் சோற்றுக்கடையிலிருந்தே தெரியும். அங்கே அவர் இலை எடுத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்து மேஸ்திரியின் பட்டம் அவர் பெயர்ப்பலகையில் போன வருஷம்தான் முளைத்தது. என் பெயரும் என் அப்பன் வைத்ததல்ல. எல்லோரும் சேர்ந்து ஒருவரைப் பார்த்துச் சிரித்தோம். நானும் முதலில் சிரித்துவிட்டேன். மேஸ்திரி முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

கமிட்டி அங்கேயே கூடிப் பேசியது. தண்ணீரில் குற்றமில்லை, ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் யார் பெயரில் வந்தது என்பதில் குழப்பம் இருக்கிறது. தளவரிசைக் கல்லில் வெட்டியது ஒரு பெயர், தீர்த்தத்தில் வந்தது இரண்டு பெயர். காசிக் குடத்தில் அந்த வில்லங்கம் இல்லை. பரிவட்டம் துறைமுகத்து மேஸ்திரி தலைக்குப் போயிற்று. அவர் தலை சிறியது. துணி காதுவரை இறங்கியது. மானசரோவர்த் தண்ணீரை நாளைக் குடமுழுக்குக்கு என்று உள்ளே எடுத்துப்போனார்கள். உள்ளே போனதும் பரிசாரகர் அதைத் தரையில்தான் வைத்தார்.

சாயந்திரம் மேஸ்திரி கோயில் குளத்துப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டார். அடிப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். பல்லுக்கு ஏதாவது ஆகாமல் இருந்தால் போதும்.

"நிசமாவே அந்தப் பேரைச் சொல்லியா முழுகினே?"

"ஆமா மேஸ்திரி. அதுதான் செல்லும்னு ஒரு பெரியவர் சொன்னார்."

"அங்க தண்ணி எப்படி இருந்தது?"

"கத்தி மாதிரி. அடியில கிடக்கற கல்லு தெரியும்."

"சத்தமாச் சொன்னியா?"

"சத்தமாத்தான். காத்து அப்படி."

அந்தப் பெயரை அவர் காது கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. கடிதத்தில்கூட விட்டுவிட்டல்லவா படித்தேன். வாய்க்குள் ஒரு தரம் அதைச் சொல்லிப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"நாற்காலிக்கு வேற ஆள் போட்டுட்டேன். மில் பக்கம் உன் தலை தெரியக் கூடாது. லெட்டர் படிக்கவும் வராதே."

"சரி மேஸ்திரி" என்றேன். அவர் அடித்திருந்தால் கணக்கு முடிந்திருக்கும். தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்டதுதான் எனக்கு ராத்திரி சோறு இறங்காமல் செய்தது. அப்புறம் இறங்கிவிட்டது, இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் தாமுவேயில் குடமுழுக்கு மேளம் தொடங்குமுன் கிளம்பி, வேலை தேடி லத்தாவுக்கு நடந்தேன். அங்கே சீனர் கடைவீதியில் விடியும்போதே வண்டிகள் வந்துவிடும். முதுகு உள்ளவனுக்கு அங்கே ஏதாவது கிடைக்கும். வாத்து முட்டைக்கு உப்புப் போட்டு விற்கிற ஒரு சீனர் கடையின் முன்னால் நின்றேன். அவருடைய வண்டிக்காரன் நம் ஆள், நேற்றைய கூட்டத்தில் நின்று சிரித்தவன். அவன் முதலாளி காதில் ஏதோ சொன்னான். சீனர் வெளியே வந்து என்னைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"நீ அந்தக் குடம் கலாவா?" என்று கேட்டார். பர்மாவில் நம்மை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஆமா."

"எத்தனை நாள் தூக்கின?"

"ரெண்டு மாசத்துக்கு மேல."

"உடையலை?"

"உடையலை."

"கால்ல என்ன?"

"ஒரு விரல் இல்லை."

"முட்டை தூக்க விரல் எதுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு காவடிக் கம்பையும் வைக்கோல் பரப்பிய இரண்டு கூடைகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். ரங்கூனுக்கு வெளியே மாவ்பி என்ற ஊரில் வாத்து வளர்க்கிறவர்களிடம் முட்டை வாங்கி, ரயிலில் லத்தாவுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு முன் இருந்தவன் குடிப்பவன், கூடையோடு விழுந்துவிட்டானாம். என் பெயரை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கிடைத்த முதல் ரயிலில் போய் மாவ்பியில் இறங்கினேன். வாத்துக்காரர் வீடு எங்கே என்று கேட்டேன். வயல் வரப்பு வழியாக மூன்று மைல் என்றார்கள். கூடைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.